தொட்டியில் அனிமோன் சோர்ந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை திருத்தும் வழி

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் கடல்மீன் தொட்டி வைக்கிறவர்கள் கோமாளி மீனோடு நிற்பதில்லை. மீனுக்கு ஒரு வீடு வேண்டுமென்று சில மாதத்திலேயே அனிமோன் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் கடற்சாமந்தி என்று படித்த அதே உயிரினம்தான். மீன் பொறுத்துக்கொள்கிற பிழையை இது பொறுக்காது. அது சோர்ந்து கிடக்கும்போது முதலில் வருகிற கேள்வி, "என்ன மருந்து போடலாம்?" என்பது. நம் பக்கத்தில் பெரும்பாலும் மருந்துக்கு வேலையே இல்லை. வெயில் தொட்டியைச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறுகிறது. அனிமோனைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். மிச்சத்தைப் பதற்றத்தில் உள்ளே விடுகிற நம் கை செய்துவிடுகிறது.

அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் எதை அளப்பது, பிறகு என்ன செய்வது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற ஒழுங்கில் எழுதுகிறேன்.

கை வைக்குமுன்

வெப்பம், உப்பு, அமோனியா. இந்த மூன்றையும் அளக்காமல் அனிமோனைத் தொடக்கூடாது.

வெப்பத்தைக் காலையில் மட்டும் அளந்து பயனில்லை. பின்னேரம் இரண்டு, மூன்று மணிக்கு அளவுங்கள். 25 முதல் 28 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஒரு நாளுக்குள் ஏறி இறங்குவது ஒரு பாகையைத் தாண்டக்கூடாது. உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), ஒப்படர்த்தியில் சொன்னால் 1.026. முள் ஆடும் மலிவான ஹைட்ரோமீற்றரில் முள்ளில் ஒட்டும் காற்றுக்குமிழி எண்ணைக் கூட்டிக் காட்டும். ஆகவே ஒளிமுறிவைக் கொண்டு உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீற்றர் வாங்குங்கள், அதையும் 35 பிபிடி கரைசலால் அவ்வப்போது சரிபாருங்கள். வெறும் தண்ணீரில் சுழியம் காட்டினால் போதும் என்று விட்டுவிட வேண்டாம். அமோனியாவும் நைத்திரைற்றும் சுழியமாக இருக்க வேண்டும். நைத்திரேற்று லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. பிஎச் 8.1 முதல் 8.4 வரை.

தொட்டி வைத்து ஆறு மாதமாவது ஆகாவிட்டால், அறிகுறி எதுவானாலும் காரணம் பெரும்பாலும் அதுதான்: தொட்டி இன்னும் பழுக்கவில்லை, அதாவது தண்ணீரும் வடிகட்டியின் நல்ல பக்ரீரியாவும் இன்னும் நிலைப்படவில்லை.

சுருங்கிக் கிடக்கிறது

கல்லடியில் தெரிந்த தம்பி ஒருவர் விடிய எழும்பியதும் போன் எடுத்தார். "அண்ணன், இரவு நல்லா விரிஞ்சிருந்தது. இப்ப பாத்தா ஒரு சின்ன உருண்டையாக் கிடக்கு. செத்துட்டுதோ தெரியா."

"வாய் மூடியிருக்கா?"

"மூடித்தான் கிடக்கு."

"பாதம் கல்லில ஒட்டியிருக்கா?"

"ஓம், ஒட்டிக் கிடக்கு. பக்கத்துல ஏதோ மண்ணிறமா நூல் மாதிரிக் கிடக்கண்ணன்."

அந்த மண்ணிற நூல்தான் பதில். முதல் நாள் இரவு முழு இறால் ஒன்றைக் கொடுத்திருந்தார். அனிமோனுக்கு உண்ணவும் கழிக்கவும் ஒரே வாசல்தான். எலும்பு இல்லாத உடம்பு, உள்ளே நிரம்பிய தண்ணீரின் அழுத்தத்தில்தான் நிமிர்ந்து நிற்கிறது. கழிவை வெளியே தள்ளவும், உள்ளிருக்கும் பழைய தண்ணீரை மாற்றவும் அது இடைக்கிடை முழுவதுமாகச் சுருங்கத்தான் வேண்டும். அன்று பின்னேரமே அந்த அனிமோன் விரிந்துவிட்டது.

வாய் மூடியிருக்கிறது, பாதம் ஒட்டியிருக்கிறது, தொட்டால் உணர்கொம்பு விரலில் ஒட்டுகிறது என்றால் 24 மணித்தியாலம் ஒன்றுமே செய்யாமல் விடுங்கள். ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு தடவை தொட்டால் போதும். மணிக்கொரு தடவை குத்திப் பார்த்தால் அந்தத் தொந்தரவே அதைச் சுருங்க வைக்கும்.

ஒரு நாளைத் தாண்டியும் விரியாவிட்டாலோ, ஒரே நாளில் பல தடவை சுருங்கி விரிந்தாலோ அடுத்த இரண்டு பகுதிகளையும் கவனமாகப் பாருங்கள். காரணம் அவற்றில் ஒன்றில் இருக்கும்.

மத்தியானம் வாடி, இரவில் விரிகிறது

இது சூடு. வேறெதையும் தேட வேண்டாம்.

"கடலே 28, 29 பாகையில் கிடக்குதே, அதுல இது வாழல்லையா?" என்று கேட்பார்கள். வாழ்கிறதுதான். ஆனால் கடல் காலையில் 28 என்றால் மத்தியானமும் ஏறக்குறைய 28. நூறு லீற்றர் தொட்டி அப்படியில்லை. காலையில் 28இல் இருக்கும் தண்ணீர் தகரக் கூரைக்குக் கீழே, விளக்கும் எரிய, மூன்று மணிக்கு 31ஐத் தொடும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஒட்சிசனும் குறையும். கடல்நீர் 25 பாகையில் லீற்றருக்குக் கிட்டத்தட்ட 6.7 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30இல் 6.2தான். அதே நேரம் சூட்டில் அனிமோனின் ஒட்சிசன் தேவை கூடுகிறது. அதன் திசுவுக்குள் வாழ்ந்து உணவு சமைத்துக் கொடுக்கிற நுண்பாசிகளும் சூட்டோடு கடும் ஒளி சேர்ந்தால் நஞ்சாகத் தொடங்கும். அப்போது அனிமோன் அவற்றை வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு வருவது வெளுப்பு.

முதலில் விளக்கு நேரத்தை மாற்றுங்கள். காசு செலவில்லாத வேலை, பலனும் பெரிது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை எரிகிற விளக்கைப் பின்னேரம் நாலரை மணிக்குப் போட்டு இரவு பன்னிரண்டரைக்கு அணையுங்கள். அனிமோனுக்கு எட்டு மணித்தியாலம் ஒளி கிடைத்தால் போதும், எந்த எட்டு என்று அது பார்ப்பதில்லை. நேரத்தை ஒரே நாளில் மாற்றாமல் தினம் ஒரு மணித்தியாலமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். விளக்கின் சூடும் வெயிலின் சூடும் ஒரே நேரத்தில் சேராது.

அடுத்தது விசிறி. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் பாயாதபடி வலை போட்டு, கணினிக்குள் இருக்கிற சின்ன 12 வோல்ற் விசிறி ஒன்றையோ இரண்டையோ தண்ணீர் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு காற்றுப் போகிற மாதிரிச் சாய்த்து வையுங்கள். ஆவியாகிற தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். இரண்டு, மூன்று பாகை இறக்கலாம்.

இந்த இடத்தில் நம் ஊர்க் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மலை இறங்கி வருகிற கச்சான் காற்று சூடானது, ஆனால் காய்ந்தது. காய்ந்த காற்றில் விசிறி மிக நன்றாக வேலை செய்யும். அதற்கு விலையாகத் தண்ணீர் வேகமாக வற்றும். மாரியில் காற்று ஈரம், விசிறி அவ்வளவு இழுக்காது, ஆனால் அப்போது வீடே குளிர்ந்திருக்கும். ஆபத்தானது இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள்: சித்திரை, வைகாசியில் காற்று அசையாமல் புழுங்குகிற இரவுகள். விசிறியும் கைவிடும், இரவிலும் சூடு இறங்காது. அந்த நாட்களில் தொட்டியை வீட்டின் குளிர்ந்த அறைக்கு மாற்ற முடியாதவர்கள் தண்ணீரைக் குளிராக்குகிற சில்லர் இயந்திரம் வாங்காமல் அனிமோன் வைக்கக்கூடாது என்பதே என் முடிவு. விலை கூடத்தான். அதைத் தாங்க முடியாவிட்டால் மீனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஐஸ் போத்தல் போடுவது அவசரத்துக்கு மட்டும். ஒரு போத்தல் தண்ணீரைச் சட்டென்று இறக்கும், உருகியதும் பழையபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கம் 30 பாகையில் நிலையாக நிற்பதைவிட மோசம். 31ஐத் தாண்டிவிட்டது, வேறு வழியில்லை என்றால் சின்னப் போத்தல் ஒன்றாகப் போட்டு, மணித்தியாலத்துக்கு ஒரு பாகைக்கு மேல் இறங்காமல் பாருங்கள்.

விசிறி போட்ட தொட்டியில் உப்பை மறந்தால் ஒரு பிழையைத் திருத்தி இன்னொன்றை உண்டாக்கியதாகிவிடும். கணக்குச் சின்னது. 100 லீற்றர் தொட்டியில் நாளுக்கு 2 லீற்றர் வற்றினால் மூன்றாம் நாள் 6 லீற்றர் குறையும். உப்பு வற்றாது, அப்படியே நிற்கும். 35 பிபிடியாக இருந்தது 37ஐத் தாண்டிவிடும். ஆகவே தொட்டிக் கண்ணாடியில் நிரந்தரப் பேனையால் ஒரு கோடு போட்டு, தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வரும்வரை தினமும் நன்னீர் விடுங்கள். கடல்நீர் விடக்கூடாது. உப்பு ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தால் ஒரே நாளில் இறக்க வேண்டாம். நாளுக்கு ஒரு பிபிடி போதும்.

தண்ணீர் மாற்றிய அன்று சுருங்கி, விரியவே இல்லை

மாற்றிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதே இங்கே கேள்வி. கடலுக்குப் பக்கத்தில் இருப்பது நமக்குப் பெரிய வரம். ஆனால் எந்த நாளும் எந்த இடத்திலும் மொண்டு வரலாம் என்று நினைப்பதுதான் பிழை.

மாரி பெய்து வாவி நிரம்பினால் பாலமீன்மடு முகத்துவாரம் வழியாக நன்னீரும் வண்டலும் கடலுக்குள் பாயும். அந்த நாட்களில் கல்லடிக் கரையில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும், தேத்தண்ணி நிறத்தில் ஒரு பட்டை கரையோடு ஒட்டிப் போகும். தெற்கே கல்லாற்றுப் பக்கமும் இதே கதை. அதற்கு மேல், வருடக் கடைசியில் வங்காள விரிகுடாவின் வடக்கிலிருந்து ஆறுகளின் நன்னீர் கலந்த நீரோட்டம் நம் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்குகிறது. ஆகவே முகத்துவாரத்திலிருந்து தூரமாகப் போனாலும் கார்த்திகை முதல் தை வரை கடலில் உப்புக் குறைவாகத்தான் இருக்கும். ரிஃப்ராக்டோமீற்றரைக் கரைக்கே கொண்டுபோய், கேனில் நிரப்புமுன் பாருங்கள்.

33 காட்டினால் அதை 35ஆக்க 20 லீற்றருக்கு 40 கிராமுக்குச் சற்று மேல் உப்புச் சேர்க்க வேண்டும். அது கடல்தொட்டிக்கென்று விற்கிற உப்பாக இருக்க வேண்டும். ஆனையிறவு உப்பானாலும் புத்தளம் உப்பானாலும் சமையல் உப்பு உதவாது. உப்பளத்தில் சோடியம் குளோரைட்டைப் படிகமாக எடுத்துக்கொண்டு, மக்னீசியம் நிறைந்த கசப்பு நீரை ஒதுக்கிவிடுகிறார்கள். தொட்டிக்குத் தேவையானதில் பாதி அதோடு போய்விடுகிறது.

எடுக்கிற இடம்: வள்ளங்கள் கட்டுகிற இடம், துறைமுகத்தின் உட்பக்கம், ஹோட்டல் கழிவு விழும் வாய்க்கால், இவற்றை விட்டுத் தள்ளிப் போங்கள். என்ஜின் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத அளவிலும் கெடுக்கும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி எடுப்பது நல்லது. கரைவலைக்காரரிடம் கேட்டால் வெளியிலிருந்தே கேனை நிரப்பித் தருவார்கள். மழை பெய்து நின்றபின் சில நாள் போக வேண்டாம். கொண்டு வந்ததை மடித்த பருத்திச் சீலையில் வடித்து, இருட்டில் காற்றுக்கல் போட்டு இரண்டு மூன்று நாள் வைத்து, அமோனியாவும் உப்பும் வெப்பமும் பார்த்தபின் பாவியுங்கள். தொட்டித் தண்ணீருக்கும் புதுத் தண்ணீருக்கும் வெப்பம் ஒரு பாகைக்குள் ஒத்திருக்க வேண்டும்.

வற்றுவதற்கு ஈடாக விடுகிற நன்னீரும் பிழைக்குக் காரணமாகலாம். குழாய்த் தண்ணீர், உன்னிச்சைக் குளத்திலிருந்து வவுணதீவில் சுத்திகரித்து வருவது, குளோரின் கலந்தது. குளோரினை முறிக்கிற சோடியம் தயோசல்பேற்று போடாமல் விட்டால் குளோரின் அனிமோனின் மென்திசுவைச் சுடும். கிணற்றுத் தண்ணீர் குளோரின் இல்லாதது என்று நம்பி விடுகிறவர்கள் பலர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் வீடுகள் நெருங்கி, மலக்குழியும் கிணறும் அடுத்தடுத்து இருக்கின்றன. நைத்திரேற்று அளந்து பார்க்காமல் அந்தத் தண்ணீரை விடாதீர்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுத்தமாகத் தெரியும், ஆனால் செப்புக் குழாயைத் தடவி வருவது. செப்பு, அனிமோனுக்கு மிகச் சிறிய அளவிலும் நஞ்சு. தகரக் கூரையில் விழுந்த மழைநீரில் நாகம் (துத்தநாகம்) கலக்கும். ஆர்ஓ வடிகட்டித் தண்ணீர்தான் நம்பிக்கையானது.

இந்தக் காரணங்களில் ஒன்று உங்களுடையது என்று தெரிந்தால், சரியான தண்ணீரால் நாளுக்கு 15 சதவீதம் வீதம் நாலைந்து நாள் மாற்றுங்கள், வடிகட்டியில் தொட்டிக்கென்று விற்கிற புதுக் கரி போடுங்கள். ஒரே தடவையில் பாதித் தண்ணீரை மாற்றுவது இன்னொரு அதிர்ச்சி.

நிறம் வெளுக்கிறது

பிழைத்துக்கொள்கிற வெளுப்பும் உண்டு. அனிமோனின் மண்ணிறம் பெரும்பாலும் உள்ளிருக்கும் பாசியுடையது. அது போனால் உடம்பு வெண்மையாக, ஒளி ஊடுருவுகிற மாதிரித் தெரியும். ஒட்டும் தன்மை இருக்கிறது, வாய் மூடியிருக்கிறது என்றால் காப்பாற்றலாம், மாதக்கணக்கில் எடுக்கும்.

பாசி இல்லாததால் அது பசியில் இருக்கிறது. இறாலையோ கணவாயையோ மிளகளவு துண்டாக நறுக்கி, கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, பம்பை நிறுத்திவிட்டு உணர்கொம்பின் மேல் வையுங்கள். விளக்கைக் கூட்டினால் நிறம் சீக்கிரம் வரும் என்று நினைக்க வேண்டாம். முதல் கிழமைகளில் வழமையான வெளிச்சத்தில் பாதியாகக் குறைத்து, மெதுவாக ஏற்றுங்கள். சூட்டைக் கீழே வைத்திருங்கள்.

கடையில் வாங்குகிறபோதே கவனியுங்கள். வெள்ளை வெளேரென்று அழகாக நிற்கிற அனிமோன் வெளுத்த அனிமோன். மின்னுகிற மஞ்சள், ரோஸ் நிறத்தில் இருப்பவை பெரும்பாலும் சாயம் ஏற்றப்பட்டவை. இரண்டையும் வாங்காதீர்கள். வாங்குவதால்தான் மறுபடியும் கொண்டு வருகிறார்கள். அதேபோல, தொட்டிக்குக் கல் வேண்டுமென்று பாசிக்குடாப் பக்கம் முருகைக்கல் உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம்.

நடந்து திரிகிறது

புது அனிமோன் முதல் சில நாட்கள் இடம் தேடும். விடுங்கள். பாதத்தைச் செருக ஒரு பிளவும், தலைக்கு வெளிச்சமும், உணர்கொம்பை மெதுவாக ஆட்டுகிற ஓட்டமும் கிடைக்கிற இடத்தில் தானாக நிற்கும். உணர்கொம்பு நுனியில் குமிழ் உள்ள பபிள் டிப் வகை கல் இடுக்கைத் தேடும், கம்பள அனிமோன் மணலைத் தேடும். மணலில் வாழ்வதற்கு ஆழமான மணல் வேண்டும், குறைந்தது பத்துச் சென்ரிமீற்றர்.

பல மாதம் ஓரிடத்தில் இருந்தது திடீரென்று நடந்தால், அண்மையில் எதை மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். புது விளக்கா, பம்பைத் திருப்பினீர்களா, கல்லை நகர்த்தினீர்களா? எதையும் மாற்றவில்லை என்றால் மேலே சொன்ன சூடும் உப்பும்.

இதில் உயிராபத்து ஒன்றுண்டு, பவர்ஹெட் என்கிற, தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்பின் உறிஞ்சும் வாய். அனிமோன் வைக்கிற நாளுக்கு முன்னமே எல்லா உறிஞ்சும் வாய்க்கும் பஞ்சோ வலைக்கூடையோ மாட்டிவிடுங்கள். பம்பில் அரைபட்ட அனிமோன் தன்னோடு தொட்டி முழுவதையும் கொண்டுபோகும்.

இடம் பிடிக்காமல் நீங்களே நகர்த்த வேண்டியிருந்தால் பிடித்து இழுக்க வேண்டாம். பாதம் கிழிந்த அனிமோன் தப்புவது அரிது. கல்லோடு சேர்த்துத் தூக்குங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பழைய போன் கார்ட் மாதிரி வளைகிற பிளாஸ்டிக் துண்டைப் பாதத்தின் ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உள்ளே செலுத்துங்கள், அது தானே விடும். கையுறை போடுங்கள். கொட்டிய இடத்தைக் கடல்நீரால் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். மூச்சு இறுகினால் நேராக ஆஸ்பத்திரி.

நீண்டு தண்டு மாதிரி எழும்புகிறது

வெளிச்சம் போதாது. விளக்கை இறக்குங்கள் அல்லது கல்லை உயர்த்துங்கள், ஒரே நாளில் செய்யாமல் கிழமைக் கணக்கில். வீட்டுக்குப் போடுகிற சாதாரண குழல் விளக்கை நம்பி அனிமோன் வளர்க்க முடியாது.

குமிழ் போய், விரல் மாதிரி நீண்டுவிட்டது

பபிள் டிப்பில் மட்டும் வருகிற கேள்வி. நுனிக் குமிழ் வருவதும் போவதும் நோயல்ல. சாப்பிடுகிறது, ஒட்டுகிறது, நிறம் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம்.

கொடுத்ததைத் துப்புகிறது

துண்டு பெரிது, அல்லது அடிக்கடி கொடுக்கிறீர்கள். நல்ல வெளிச்சத்தில் இருக்கிற ஆரோக்கியமான அனிமோனுக்குக் கிழமைக்கு ஒரு தடவை, வாயைவிடச் சின்னத் துண்டு போதும். சந்தையில் வாங்குகிற இறாலை நன்னீரில் கழுவி, ஓட்டை உரித்து, மஞ்சள் உப்பு எதுவும் தடவாததாகப் பார்த்து எடுங்கள். துப்பியதை உடனே அகற்றுங்கள். அது அழுகினால் அடுத்த அறிகுறி அமோனியாவாக வரும்.

கோமாளி மீன் வாயிலிருந்து பிடுங்குகிறதா என்றும் பாருங்கள். மீனுக்கு முதலில் தீனி போட்டு வயிற்றை நிரப்பிவிட்டு அனிமோனுக்குக் கொடுத்தால் அந்தப் பிரச்சினை தீரும்.

மீன் உள்ளே போகவே இல்லை, அல்லது மீனால் அனிமோன் விரிவதில்லை

எல்லா மீனும் எல்லா அனிமோனையும் ஏற்காது. கிளார்க்கி கோமாளி மீன்தான் விதிவிலக்கு, கோமாளி மீன்கள் வாழ்கிற பத்து வகை அனிமோனிலும் அது குடியிருக்கும். செபே வகைக் கோமாளி மீன், மணலில் வாழும் கம்பள அனிமோனைத் தேடும். எதையும் ஏற்காமல் பம்ப் மூலையிலேயே கிடக்கிற மீனும் உண்டு. அனிமோனுக்கு மீன் கட்டாயமில்லை, மீனுக்கும் தொட்டியில் அனிமோன் கட்டாயமில்லை. வற்புறுத்த ஒன்றுமில்லை.

புது அனிமோன் உள்ளங்கை அளவுதான், மீன் பெரிது என்றால் மீன் உரசி உரசி அதை விரிய விடாது. இரண்டு கிழமை அனிமோனை வலைக்கூடைக்குள் தனியாக வைத்துத் தேற்றுங்கள். மறுபக்கம், சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகிறது, தொட்டியில் கம்பள அனிமோன் இருக்கிறது என்றால் திருடனைத் தேட வேண்டாம். 80 சென்ரிமீற்றர் வரை விரிகிற உயிரினம் அது. வீட்டுத் தொட்டிக்கு நான் பரிந்துரைப்பது பபிள் டிப் மட்டும்.

மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செப்பு மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது. மீனைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றி அங்கே வைத்தியம் செய்யுங்கள்.

கரண்ட் போய்த் திரும்பி வந்தபின் தொங்கிக் கிடக்கிறது

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின் வெட்டு நடந்தபோது நாடெங்கும் தொட்டிகள் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஓட்டம் நின்றால் முதலில் குறைவது ஒட்சிசன். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அதுவும் இல்லாவிட்டால் கோப்பையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், பத்து நிமிடத்துக்கொரு தடவை. கரண்ட் இல்லாத நேரம் தீனி போடாதீர்கள். நீண்ட வெட்டுக்குப் பிறகு மூடிய வெளிவடிகட்டியை நேரே ஓடவிட வேண்டாம். உள்ளே தேங்கிய தண்ணீர் ஒட்சிசன் இழந்து கெட்டிருக்கும், அதைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

வாய் பிளந்து, உள்ளிருப்பது வெளியே வருகிறது, தண்ணீர் நாறுகிறது

வாய் சிறிது நேரம் திறந்து மூடுவது வேறு. மணிக்கணக்காகப் பிளந்தபடி, உள்திசு வெளியே தள்ளி, உணர்கொம்பு ஒட்டாமல் இருந்தால் நிலைமை மோசம். மூக்கைப் பயன்படுத்துங்கள். ஒரு துண்டு சளி மாதிரிப் பிரிந்து வருகிறதா, கையில் எடுத்து முகர்ந்தால் அழுகிய மீன் வாடை வருகிறதா? வந்தால் அது இறந்துவிட்டது. "விடியட்டும் பாப்போம்" என்று விடக்கூடாது. பெரிய அனிமோன் ஓரிரவில் கரைந்தால் ஏறுகிற அமோனியா மீன்களையும் கொல்லும். ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, கரைந்ததைச் சிந்தாமல் அப்படியே மொண்டு எடுங்கள். பிறகு 30 சதவீதம் தண்ணீர் மாற்றம், புதுக் கரி, காற்றுக்கல், மறுநாள் அமோனியா அளத்தல்.

நாற்றம் இல்லை, பாதம் இன்னும் ஒட்டியிருக்கிறது என்றால் தனித்தொட்டிக்கு மாற்றி, நல்ல தண்ணீரும் மெதுவான ஓட்டமும் கொடுத்துப் பார்க்கலாம். இந்த நிலையில் சிலர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாவிக்கிறார்கள். புதிதாக இறக்குமதியாகித் தொற்றோடு வந்த அனிமோனுக்கு அது சில நேரம் உதவுகிறது. ஆனால் பிரதான தொட்டியில் ஊற்றினால் வடிகட்டியின் நல்ல பக்ரீரியாவும் சாகும், தண்ணீரே கெட்டுவிடும். பாமசியில் சீட்டு இல்லாமல் வாங்கி இஷ்டப்படி கலக்குகிற மருந்தும் அல்ல அது.

"வயசு போய்ச் செத்திருக்கும்" என்று ஆறுதல் சொல்வார்கள். அதை நான் ஏற்பதில்லை. ஸ்கொட்லாந்தில் ஜோன் டாலியல் என்ற இயற்கையியலாளர் 1828இல் கடற்கரையில் எடுத்த அனிமோன் ஒன்று, அவர் 1851இல் இறந்த பிறகும் கைமாறிக் கைமாறி, 1887 வரை கண்ணாடிச் சாடியில் வாழ்ந்தது. குளிர்கடல் வகை, பாசி இல்லாதது, ஆகவே நம்முடையதோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் பம்பும் விளக்கும் இல்லாத காலத்தில், கடல்நீரை ஒழுங்காக மாற்றி, சிறிது உணவு கொடுத்தே அத்தனை வருடம் வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்தில் இறந்த அனிமோனுக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் திருத்தாமல் அடுத்ததை வாங்க வேண்டாம்.

இரண்டாகக் கிழிகிறது

பபிள் டிப் நெடுக்காகப் பிரிந்து இரண்டாகும். வாய் நீண்டு, நடுவில் பிளவு விழுந்து, ஓரிரு நாளில் இரண்டும் விலகிப் போகும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது இனப்பெருக்கம். திடீர்த் தண்ணீர் மாற்றமும் அதைத் தூண்டுவதுண்டு, ஆகவே அளவுகளை ஒரு தடவை பாருங்கள். காயம் ஆறி வாய் உருவாகும்வரை ஒரு கிழமையாவது உணவு வேண்டாம்.

கல்லெல்லாம் சின்னச் சின்ன மண்ணிற அனிமோன்

உங்கள் அனிமோன் குட்டி போடவில்லை. இது ஐப்டேசியா, கல்லோடு ஒட்டிக்கொண்டு வந்த களை. இதுவும் கொட்டும், பக்கத்தில் இருப்பதை விரிய விடாது. நசுக்கினாலோ சுரண்டினாலோ கிழிந்து விழும் ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் புதிதாக ஒன்று முளைக்கும். பம்பை நிறுத்திவிட்டு, சுத்தமான கல்சியம் ஐதரொட்சைட்டை ஆர்ஓ தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, ஊசிக்குழலால் அதன் வாய்மேல் மெதுவாக விடுங்கள். நிறம் கலந்த வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். சுண்ணாம்பு பிஎச்சை ஏற்றும். ஆகவே ஒரு நாளைக்கு மூன்று நாலுக்கு மேல் கொல்லாதீர்கள், உங்கள் அனிமோனுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தொடாதீர்கள். கால்மணித்தியாலம் கழித்துப் பம்பைப் போட்டு, மறுநாள் பிஎச் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தொடங்கலாம்.